தலாக்குக்கு மூன்று மாதம், தாபரிப்புக்கு எத்தனை வருடம்?

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றி எமது சமூகத்தில் விவாதம் எழும்போதெல்லாம் மூன்று விடயங்களே முன்னுக்கு வருகின்றன. திருமண வயது என்ன, பெண்கள் காதியாக வரலாமா, பலதார மணத்துக்கு நிபந்தனை விதிக்கலாமா. பாராளுமன்றத்திலும் முகநூலிலும் சில வேளை ஜும்ஆ மேடையிலும் இவைதான் சூடு பறக்கின்றன. இவை முக்கியமில்லாத விடயங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காதி நீதிமன்றப் படியேறிய பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது இவற்றில் எதுவுமல்ல. "இன்னும் எத்தன தவணைக்கு அலையிற?" என்பதுதான்.

நான் றக்வானைப் பகுதியில் ஆசிரியராக இருக்கிறேன். சட்டம் படித்தவனல்ல. ஆனால் ஒரு பிள்ளையின் தாயும் தந்தையும் பிரியும்போது அந்தச் செய்தி காதியாரிடம் போகும் முன்பே வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. மாதத்தில் ஒரு நாள் பிள்ளை வராது. உம்மாவுக்குத் தவணை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிறகு தாய் வந்து, பிள்ளையின் படிப்புச் செலவு இவ்வளவு என்று ஒரு கடிதம் கேட்பார். அடுத்த வருடமும் அதே கடிதத்தைத் திகதி மாற்றிக் கேட்பார். இப்படிக் கடிதம் எழுதிக் கொடுத்துக் கொடுத்தே இந்தச் சட்டத்தை நானும் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் எனக்கு விளங்கியது இதுதான். எமது முறையில் விவாகரத்து தாமதமாகிறது என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. திருமண முறிவை ஓரிடத்திலும், பணத்தைத் தீர்மானிப்பதை இன்னொரு விண்ணப்பத்திலும், அந்தப் பணத்தை அறவிடுவதை வேறொரு நீதிமன்றத்திலும், காணி வீட்டை நான்காவது ஓரிடத்திலும் வைத்திருக்கிறோம். முறிவு ஒருவாறு முடிந்துவிடும். கணக்குத்தான் முடியாது. கணக்கு முடியாமலிருப்பதால் இலாபம் யாருக்கு என்று கேட்டால், பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான்.

1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் கணவருக்கு என்ன வழியைக் காட்டுகிறது என்று முதலில் பார்ப்போம். தலாக் சொல்ல விரும்பும் கணவர் காதியாரிடம் அறிவிக்க வேண்டும். காதியார் உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் கொண்டு சமாதானம் செய்ய முயல வேண்டும். அதற்கு 30 நாள். சரிவராவிட்டால் காதியார் முன்னிலையில் இரு முஸ்லிம் சாட்சிகளோடு தலாக் சொல்லலாம். அதன் பின்னரும் மனம் மாற அவகாசம் உண்டு. கணவர் காரணம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆக, நாள் குறித்த, முடிவு தெரிந்த பாதை அது.

மனைவி பஸஹ் கேட்டால் பாதையே வேறு. கணவரின் தவறை அவள் நிரூபிக்க வேண்டும். காதியாரோடு மூன்று ஜூரிமார் அமர வேண்டும். சாட்சிகள் வர வேண்டும். இத்தனை மாதத்துக்குள் முடித்தே ஆக வேண்டும் என்ற எல்லை இல்லை. கணவர் வராவிட்டால் ஒரு தவணை, ஜூரிமாரில் ஒருவர் வராவிட்டால் ஒரு தவணை, முகவரி மாறி அழைப்பாணை திரும்பி வந்தால் இரண்டு தவணை. காதியாரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நாடு முழுவதற்கும் சுமார் 65 காதிகள். முழுநேரச் சம்பளம் கிடையாது, சொற்பப் படிதான். பல இடங்களில் ஒரு கட்டடம் கூட இல்லை. வீட்டு முன்னறையிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ பாடசாலையிலோ அமர்கிறார்கள். தனது தொழிலைப் பார்த்துவிட்டு மிஞ்சும் நேரத்தில் ஒருவர் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிணக்கைத் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அரசாங்கத்தின் கஞ்சத்தனம். அதை இத்தனை காலம் ஏற்றுக்கொண்டிருப்பது எமது அசட்டை.

இனிப் பணத்துக்கு வருவோம். மஹர் பாக்கி, கைக்கூலி, மனைவியின் தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு, பிரசவச் செலவு, பிள்ளைத் தாபரிப்பு ஆகிய யாவற்றையும் விசாரிக்கும் அதிகாரம் காதியாருக்கு உண்டு. அந்த அதிகாரம் வேறெவருக்கும் இல்லை என்பதும் சட்டம். மற்றச் சமூகத்துப் பெண் ஒருவர் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நேரே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். சம்பளத்திலிருந்தே அறவிடும் கட்டளையை நீதவானிடமிருந்து பெறலாம். முஸ்லிம் மனைவி காதியாரிடம்தான் போக வேண்டும். ஆனால் காதியார் கட்டளையிட்ட பணத்தைக் கணவர் கட்டாவிட்டால் காதியாரால் வசூலிக்க முடியாது. அவர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அங்கே அது ஒரு தண்டப்பணம் அறவிடப்படுவது போல அறவிடப்படும். அதாவது காதியாரிடம் வென்றவள் நீதவானிடம் மறுபடி வரிசையில் நிற்கிறாள். இரண்டு மாதம் கட்டிவிட்டுக் கணவர் மறுபடி நிறுத்தினால் மறுபடி காதியார், மறுபடி நீதவான்.

எனது வகுப்பிலிருந்த ஒரு பிள்ளையின் தாயைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை விட்டுவிடுகிறேன். மகள் 3 ஆம் தரத்தில் இருக்கும்போது பஸஹ் விண்ணப்பம் போட்டார். மகள் 5 ஆம் தரப் புலமைப்பரிசில் எழுதிய வருடம் முறிவு கிடைத்தது. பிள்ளைக்கு மாதம் ஒரு தொகை என்று கட்டளையும் கிடைத்தது. தகப்பன் மூன்று மாதம் கட்டினார். பிறகு கட்டவில்லை. இப்போது அந்தப் பிள்ளை 8 ஆம் தரத்தில். நிலுவை எவ்வளவு என்று தாய் ஒரு அப்பியாசக் கொப்பியில் மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்து என்னுடைய மாணவர்களுடையதை விட நேர்த்தியானது. கல்யாணத்தின்போது தகப்பனார் மாப்பிள்ளையின் பெயரில் எழுதிக் கொடுத்த காணித்துண்டு பற்றிக் கேட்டேன். "அதுக்கு மாவட்ட நீதிமன்றம் போகணுமாம் சேர், லோயருக்குக் காசு வேணும்" என்றார். உண்மைதான். கைக்கூலி என்பதற்குச் சட்டம் சொல்லும் வரையறை பணத்தையும் அசையும் பொருளையும் பற்றியது. காணி காதியாரின் கையில் இல்லை.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வருமானம் கல் வியாபாரம். இல்லாவிட்டால் சுரங்கத்தில் ஒரு பங்கு. சம்பளச் சீட்டு கிடையாது. கல் பட்டால் ஒரே நாளில் வான் வாங்குவார். படாவிட்டால் ஆறு மாதம் கடை வாசலில் கடன். "உமது வருமானம் என்ன?" என்று காதியார் கேட்டால் "ஒண்டும் இல்ல ஹஸ்ரத், கடன்தான்" என்பார். பொய் என்று நிரூபிக்க மனைவியிடம் என்ன இருக்கிறது? அகழ்வு அனுமதிப்பத்திரமும் வியாபார அனுமதிப்பத்திரமும் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் பதிவில் இருக்கும். ஆனால் அதைப் பெற்று வந்து காதியார் முன் வைப்பதற்கு அவளுக்கு ஆளில்லை. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது என்பதும் சட்டம். ஏழைகளுக்குச் செலவு குறையட்டும் என்ற நல்ல நோக்கில் வந்த விதிதான் அது. ஆனால் கணக்கு வழக்குத் தெரிந்த வியாபாரிக்கும், வீட்டை விட்டு வெளியே பேசிப் பழகாத பெண்ணுக்கும் இடையில் அந்த விதி எந்தப் பக்கம் சாய்கிறது என்று யோசிக்க வேண்டும்.

தாமதம் என்றால் காத்திருப்பு மட்டுமல்ல, பணமே கரைகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். 2019 இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 8,000 ரூபா என்று கட்டளையிட்டிருந்தால் அந்தப் பணத்துக்கு அப்போது வாங்கிய பால்மாவும் கொப்பியும் இப்போது எவ்வளவு வரும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். தொகையைக் கூட்டித் தரும்படி கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது புதிய விண்ணப்பம், புதிய தவணைகள். கட்டாதவருக்கு நாட்டின் பொருளாதார நெருக்கடியே தள்ளுபடி கொடுத்தது.

"அப்படியானால் காதி முறையையே ஒழித்து எல்லோரையும் மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்புவோம்" என்ற குரலும் இருக்கிறது. 2021 இல் அமைச்சரவை மட்டத்திலும் அந்த யோசனை வந்தது. இதைச் சொல்பவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எப்படி நடக்கிறது என்று எங்கள் தோட்டத்துத் தமிழ்ச் சகோதரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றே: பிறர்மனை உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த குணமாகாத ஆண்மையின்மை. ஏழு வருடம் பிரிந்து வாழ்ந்தாலும் மறுதரப்பின் தவறை நிரூபித்தே ஆக வேண்டும் என்று 1986 இல் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்புக் கிடைத்த பிறகும் அது இறுதியாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாட்டின் நீதிமன்றங்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பதாக நீதியமைச்சர்களே கூறியிருக்கிறார்கள். அந்த வரிசையின் வாலில் எமது பெண்களையும் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன வேகம் வந்துவிடப் போகிறது? ஆனால் அங்கே ஒன்று உண்டு. வழக்கு நடக்கும் காலத்திலேயே மனைவிக்கு இடைக்காலத் தாபரிப்புக் கேட்கலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை தெளிவாகச் சொல்கிறது.

பொதுச் சட்டத்தை விட்டுவிட்டு, எங்கள் ஊரிலேயே மூன்றாவதாக ஒரு கதவு இருக்கிறது. சப்ரகமுவ கண்டி இராச்சியத்தோடு இருந்த பிரதேசமானதால், கண்டியச் சட்டத்தின் கீழ் மணம் முடித்த சிங்களத் தம்பதியருக்கு 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். அவர்கள் நீதிமன்றத்துக்கே போக வேண்டியதில்லை. இருவரும் சம்மதித்தாலோ, சேர்ந்து வாழ முடியாமல் ஒரு வருடம் பிரிந்திருந்தாலோ மாவட்டப் பதிவாளரிடம் விவாகரத்துப் பெறலாம். தாபரிப்புப் பற்றிய கட்டளையையும் அவரே போடலாம். ஆக, றக்வானை பஸாரில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர் மூவரின் திருமணம் முறிந்தால் மூவரும் மூன்று கதவு தட்டுகிறார்கள். தனியார் சட்டம் என்றாலே தாமதம் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கண்டியச் சட்டமே பதில்.

எமது சட்டத்தைத் திருத்தும் வேலையின் தாமதத்தைப் பற்றி என்ன சொல்ல. 2009 இல் அன்றைய நீதியமைச்சர் மிலிந்த மொரகொட, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம். அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு விதப் பரிந்துரைகளோடு. அதன் பின்னர் அமைச்சர்கள் மாறினார்கள், மேலும் குழுக்கள் வந்தன, முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கூடிக் கூடிக் கலைந்தார்கள். 2009 இல் பிறந்த பிள்ளை இன்று உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டது. இழுபறிக்குக் காரணம் வயதும் பெண் காதியும்தான். அந்தச் சண்டையில் தாபரிப்பும் அறவீடும் யாரும் எதிர்க்காமலே அகப்பட்டுக் கிடக்கின்றன. எதிர்ப்பே இல்லாத திருத்தங்களைத் தனியாகப் பிரித்தெடுத்து முதலில் நிறைவேற்றுங்கள் என்று கேட்க எமது தலைமைகளுக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மார்க்கம் தடுக்கிறதா? இல்லை. துன்புறுத்தும் நோக்கில் மனைவியரைத் தடுத்து வைப்பதைக் குர்ஆன் 2:231 இல் விலக்குகிறது. விவாகரத்துச் செய்யப்பட்ட பெண்ணுக்கு முறைப்படி வசதி செய்து கொடுப்பதை 2:241 இல் வலியுறுத்துகிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி கொடுக்கப்படாத மனைவியின் தாபரிப்பு கணவர் மீதான கடன். காலம் கடந்தாலும் அது விழுவதில்லை. ஆனால் பிள்ளையின் செலவு அப்படியல்ல. காதி கட்டளையிட்டிருந்தாலன்றி, கடந்துபோன காலத்துக்கு அது கடனாக நிற்காது. உலமாக்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிவார்கள். அப்படியானால் பிள்ளைத் தாபரிப்புக் கட்டளை முதல் தவணையிலேயே வர வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? காதியார் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் உரிமை ஒரு மாதம் குறைகிறது. மத்தாஹ் விடயமும் இப்படித்தான். மத்ஹபில் இடமிருந்தும் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கென வெளிப்படையான பிரிவு இல்லாததால் ஒரு காதியார் கொடுக்கிறார், இன்னொருவர் கை விரிக்கிறார்.

வெளிநாடுகளில் இதைத் தீர்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர் ஷரீஆ நீதிமன்றம் முறிவைத் தீர்மானிக்கும்போதே மஹர், இத்தாச் செலவு, மத்தாஹ், பிள்ளைப் பொறுப்பு, சொத்துப் பங்கீடு என்பவற்றையும் ஒரே இடத்தில் தீர்மானிக்கும் அதிகாரம் கொண்டது. இந்தியாவில் டேனியல் லத்தீஃபி வழக்கில் 2001 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, முஸ்லிம் கணவர் மனைவியின் எதிர்காலத்துக்கான நியாயமான ஏற்பாட்டை இத்தாக் காலத்துக்குள்ளேயே செய்து முடிக்க வேண்டும் என்று. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் அதே நீதிமன்றம், தாபரிப்புக் கோரும் வழக்குகளில் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் சத்தியக்கடதாசியில் வெளியிட வேண்டும், விண்ணப்பித்த திகதியிலிருந்தே தாபரிப்புக் கணக்கிடப்பட வேண்டும் என்றது. இந்த இரண்டாவது விடயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கினால், தவணைக்கு வராமல் இருப்பதால் கணவருக்கு எந்த இலாபமும் இல்லை. வராமல் இருப்பவர்கள் தாமாகவே வரத் தொடங்குவார்கள்.

இலங்கையில் இதற்குப் புதிய நீதிமன்றம் கட்டத் தேவையில்லை. விண்ணப்பத் திகதியிலிருந்து கணக்கு, முதல் தவணையில் இடைக்காலக் கட்டளை, வருமானச் சத்தியக்கடதாசி, ஒருமுறை அனுப்பிய சான்றிதழே பின்வரும் நிலுவைகளுக்கும் செல்லும் என்ற ஏற்பாடு, காதியாருக்கு ஓர் எழுதுவினைஞரும் அமர ஓர் இடமும் சரியான சம்பளமும். இதில் எதற்கும் பெண் காதி பற்றிய விவாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்வது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு 30 நாள் அவகாசம். ஆனால் சபை இருப்பது கொழும்பு புதுக்கடையில். றக்வானையிலிருந்து விடியற்காலை பஸ் எடுத்து, பிள்ளையை அயலில் விட்டு, ஒரு நாள் கூலியை இழந்து போகிறவளும், கொழும்பிலேயே கல் விற்க நிற்பவரும் அங்கே சமமான மேன்முறையீட்டாளர்கள் அல்ல.

பாராளுமன்றம் அசையும் வரை ஊரில் செய்யக்கூடியவையும் உண்டு. வீட்டில் அடி உதை இருந்தால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம் பெண்ணுக்கும் பொருந்தும். நீதவான் பாதுகாப்புக் கட்டளையோடு அவசரப் பண உதவிக்கும் கட்டளையிடலாம். இது எங்கள் பகுதியில் எத்தனை பேருக்குத் தெரியும்? மகளிர் குழுக்கள் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னொன்று நிகாஹ் பதிவுப் படிவம். மஹர், கைக்கூலி விபரங்களுக்கு அதில் இடமிருக்கிறது. கைக்கூலி வாங்கியது வெளியே தெரியக்கூடாது என்ற வெட்கத்தில் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறார்கள், அல்லது "இல்லை" என்று எழுதுகிறார்கள். வலீயும் கையொப்பம் வைக்கிறார். பத்து வருடம் கழித்து மகளுக்காகக் காதியாரிடம் போய் ஐந்து இலட்சம் கொடுத்தேன் என்று அழும்போது, அவருடைய கையொப்பமே அவருக்கு எதிரான சாட்சி. கைக்கூலி வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. அது ஒழிய வேண்டும். ஆனால் ஒழியும் வரை, கொடுத்ததை எழுதாத நிகாஹை நடத்த மாட்டோம் என்று பள்ளிவாசல் நிர்வாகங்கள் தீர்மானிக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அதற்கு ஒரு நிர்வாகக் கூட்டமும், மாப்பிள்ளை வீட்டாரின் முகச்சுளிப்பைத் தாங்கும் மனமும் போதும்.